மாடி வீட்டுக்காரி கேட்ட கேள்விகள்

பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் முதன்முதலில் எழும்பிய மாடி வீடு எங்களுடையதுதான். கம்மாபுரம் பக்கம் இருந்த எங்கள் நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வந்த பணத்தில் விருத்தாசலத்தில் மனை வாங்கினோம், ஆழமாகப் போர் போட்டோம், வீடு கட்டினோம். நிலத்தைப் பறிகொடுத்த நாங்கள்தான் பாவப்பட்டவர்கள் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சௌகரியமான நினைப்பு அது.

எங்களுக்குப் பிறகு எங்களைப் போலவே நாலைந்து குடும்பங்கள் வந்தன. ஓட்டு வீடுகளை இடித்து மாடிகள் எழுப்பினார்கள். போன கோடையில் வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து கணக்கெடுப்புக்கு ஆள் தேடினார்கள். தெரு மாறிக்கொண்டு வருவதைப் பழைய குடித்தனக்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், அதனால் அவர்கள் உடம்புக்கு என்ன ஆகிறது என்று கேட்டு எழுத வேண்டும். பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள், உடனே சரி என்றேன். எல்லாரையும் எனக்குத் தெரியும் என்று பெருமை பேசி என் தெருவையே கேட்டு வாங்கினேன்.

முதலில் எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். பீங்கான் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டித் துடைக்கிற வேலை அவருக்கு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'வாங்க போங்க' என்றுதான் பேசுவார். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். எங்கள் பக்கம் யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் தண்ணீர்தான். நல்ல வெயில். இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

“புதுசா வந்தவங்களால உங்களுக்கு ஏதாச்சும் கஷ்டம் இருக்குதாக்கா?”

“என்னம்மா கஷ்டம்? நீங்கல்லாம் வந்தப்புறம்தான் தெருவே தெருவா இருக்குது.”

“உடம்பு எப்படி இருக்குது?”

“நல்லா இருக்கேன்மா. எனக்கென்ன கொற?”

ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடலாம்; ஐந்து என்றால் ஒரு குறையும் இல்லை. ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டேன். மற்ற வீடுகளிலும் இதே பதில், இதே சொம்பு. வயிறு முட்டத் தண்ணீரும் தாள் நிறைய ஐந்துகளுமாக வீடு திரும்பினேன். வேலை இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அக்கா இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்தார். எங்கள் காம்பவுண்டுச் சுவரோரம் இரண்டையும் இறக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். தோள் ஏறி ஏறி இறங்கியது. மாடியிலிருந்து நான் தினமும் பார்க்கிற காட்சிதான் இது. ஆனால் முந்தின நாள் இவருக்குத்தான் ஐந்து போட்டிருந்தேன். துணியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்; பின்னாலேயே நானும் உள்ளே போனேன்.

“எங்கேருந்துக்கா தூக்கிட்டு வர்றீங்க?”

“ரயில்வே கேட்டாண்ட கொழாயிலேர்ந்து.”

“நம்ம தெரு அடிபம்பு என்னாச்சு?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

“உங்க வூட்டுல போர் போட்ட வருஷமே அதுல தண்ணி நின்னுபோச்சும்மா. மத்தவங்களும் போட்டதும் சுத்தமா வரல. நெஞ்சுல தூசு படிஞ்சிருக்குது, வெயிட்டு தூக்காதீங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. தூக்காம என்ன பண்றது?”

எனக்குக் கோபம் வந்தது. என்மேல் வர வேண்டிய கோபம், அவர்மேல் பாய்ந்தது. “நேத்தே ஏன் சொல்லல?” என்று கத்திவிட்டேன்.

“வூடு தேடி வந்து கேக்குறீங்க. உங்களாலதான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா யாராச்சும்?”

நிலத்தை அளக்க வந்த அதிகாரிகளுக்கு என் அப்பா மோர் கொடுத்து உபசரித்தது நினைவுக்கு வந்தது. எங்களுக்கு முழுச் சம்மதம் என்று அவர்களும் எந்தத் தாளிலோ எழுதியிருப்பார்கள்.

“இனிமே எங்க வூட்டுலயே புடிச்சிக்குங்கக்கா. ஓஸ் போட்டு விடறேன்.”

“இருக்கட்டும்மா. வர்ற மாசம் காலி பண்றோம். வூட்டு ஓனரு இடிச்சிட்டு மாடி கட்டப் போறாராம். பெண்ணாடம் ரோட்டுல ஒரு வூடு பாத்திருக்கோம். கம்பெனிக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும், அவ்ளோதான்.”

அன்று மத்தியானம் கல்லூரிக்குப் போன் செய்து பதில்களைத் திருத்த வேண்டும் என்றேன். மக்கள் வாயால் சொன்னதை மாற்றக்கூடாது என்றார்கள். நியாயம்தான். அந்தத் தாள்களின்படி எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அன்று காலை அக்கா வீட்டிலிருந்து நான் கிளம்பியபோது, அவர் “இருங்கம்மா” என்று உள்ளே போனார். அப்போதுதான் இறக்கி வைத்த குடத்திலிருந்து மொண்டு சொம்பை நீட்டினார். வேண்டாம் என்றால், தான் சொன்னதற்கு நான் கோபித்துக்கொண்டதாக நினைப்பார். நின்றபடியே, ஒரு சொட்டு கீழே சிந்தாமல் குடித்தேன்.