துலுக்காணம் வளைத்த கம்பி

துலுக்காணம் போய்விட்டார்.

காலையில் ஆரம்பாக்கத்தில் இருந்து அவர் மகள் போன் செய்தாள். "அத்தே... நைனா பூட்டாரு" என்றாள்.

பழவேற்காட்டுப் பக்கத்து ப்ரெண்ட்ஸ் பல பேருக்கு அவரைத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் பைக்கைத் தெரியும். மரம் அறுக்கிற மெஷினைப் பின்னால் கட்டிக்கொண்டு, புயல் ஓய்ந்த மறுநாள் ஊருக்குள் வருவாரே... அவர்தான்.

புயலில் விழுந்த மரங்களை அறுத்து எடுப்பதுதான் அவர் தொழில். நிற்கிற மரத்தில் கை வைக்கமாட்டார். பொன்னேரியில் ஒரு மரவாடியில் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. "ஒருத்தன் மணி அடிச்சி நான் சோறு துன்னணுமா அக்கா?" என்று சிரிப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது அந்தப் பெரிய புயல் வருஷம். எங்களுடையது அப்போது மரப் படகு. கரையில் கட்டியிருந்ததைக் காற்று தூக்கி அடித்ததில், படகுக்குள் விலா எலும்பு மாதிரி வளைந்திருக்கும் கட்டைகளில் இரண்டு முறிந்துவிட்டன.

பன்னிரண்டு நாளில் எங்கள் பாடு.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்... ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று எங்கள் ஊரில் முறை உண்டு. அதுதான் பாடு. அந்த நாளில் படகு இறங்கவில்லை என்றால் முறை போச்சு. இரவல் கேட்கலாம் என்றால் ஊரில் பாதிப் படகு உடைந்து கிடக்கிறது. வீட்டிலோ அரிசிப் பானை அடி தெரிகிறது.

வாசலில் எங்கள் பூவரசும் விழுந்து கிடந்தது. காய்ந்த விறகு ஒன்று இல்லை. நான் கோடாலியை எடுத்துப் பெரிய கிளையை மூன்று துண்டாகப் போட்டேன். வளைந்த கிளை அடுப்புக்குள் போகாது இல்லையா... வளைவில் பார்த்து வெட்டினேன்.

அப்போதுதான் பைக் வந்து நின்றது. சும்மா மரத்தைத் தூக்கிப்போக வந்த ஆள் என்று எனக்குக் கோபம்.

"இன்னா, கழுகு மாதிரி வந்துட்ட?"

"அப்பால திட்டு அக்கா. மொதல்ல கோடாலிய கீழ போடு."

"என் மரம், நான் வெட்றேன். உனுக்கு இன்னா?"

"மரம் உன்துதான். அங்க ஒடஞ்சி கெடக்குற படகு யார்துது?"

"அதுவும் எங்களுதுதான்."

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "படகுக்குப் போட வேண்டிய கட்டைய அடுப்புக்கு வெட்டிக்கினு கீறியே அக்கா!"

நேர்க்கட்டையைச் செதுக்கி வளைவு எடுத்தால் அலைக்குத் தாங்காது. மரமே வளைந்து வளர்ந்திருக்க வேண்டும். மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தவள் நான், இது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு உலை வைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

வீட்டுக்காரர் கரையில் இருந்து வந்து அந்தத் துண்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து அடுப்படியில் அடுக்கினார். திட்டியிருந்தால் தேவலை.

துலுக்காணம் பைக்கில் இருந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்தார். படகில் முறிந்த கட்டையின் மேல் வைத்து அதே மாதிரி வளைத்தார். கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊர் ஊராகப் போய், விழுந்த மரத்தின் மேலெல்லாம் அந்தக் கம்பியை வைத்துப் பார்த்திருக்கிறார். டச்சுக்காரர் கல்லறைச் சுவர் ஓரத்து மரத்தைக்கூட விடவில்லை. இன்னா தேடுற என்று கேட்டவர்களிடம், "எங்க அக்கா வீட்டுக்கு மாப்ள பாக்கறேன். கொஞ்சம் கூனா கீறவனா வேணும்" என்றாராம்!

எட்டு நாள் ஆச்சு. ஆள் வரவில்லை. எனக்கு அடுப்படிக்குப் போகவே பிடிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் ஒரு டிராக்டர் வந்தது. மேலே துலுக்காணம். நெல் போடுகிற ஊரில், வண்டிப் பாதையை அடைத்து ஒரு பூவரசு விழுந்திருக்கிறது. "எடுத்துக்கினு போ சாமி, எங்களுக்கு வழி வுட்டா போதும்" என்று நிலத்துக்காரரே டிராக்டரும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இரண்டு கிளைகள். கம்பியை வைத்தார். ஒன்று அச்சாகப் பொருந்தியது. இன்னொன்றில் இரண்டு விரல் இடைவெளி.

"கொஞ்சம் நெஞ்சழுத்தக்காரன் இவன்" என்றார். வீட்டுக்காரர் அந்த வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தார். "குடு, நான் வழிக்குக் கொண்டாறேன்" என்று செதுக்க உட்கார்ந்தார்.

எங்கள் பூவரசின் அடிமரத்தைத் துலுக்காணம் எடுத்துக்கொண்டார். போகும்போது, "வேரைத் தோண்டாத அக்கா. பாதி வேர் இன்னும் மண்ண புடிச்சிக்கினு கீது" என்றார். விட்டுவைத்தோம். துளிர்த்தது. இன்றைக்கு அந்த நிழலில்தான் என் பேத்தி ஸ்கூட்டி நிறுத்துகிறாள். பொன்னேரி காலேஜ். எங்கள் வீட்டில் காலேஜ் ஏறிய முதல் ஆள் அவள்தான்... சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

பாடு நாள் அன்று ஊரே கரையில் நின்றது. எல்லோரும் படகின் வெளிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். துலுக்காணம் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகுக்குள் கையை விட்டுப் புதுக் கட்டைகளின் அடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"தண்ணி வருதா?" என்று கரையில் இருந்து கத்தினேன்.

கையை எடுத்து என்னிடம் தூக்கிக் காட்டினார். விரலில் தண்ணீர் இல்லை, புது மரத்துப் பிசின்தான். படகின் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளினார். "போய்ட்டு வாண்ணா!"

அன்றைக்கு நல்ல இறால். ஒரு கூடை எடுத்துக்கொண்டு அவரைத் தேடினேன். பைக் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தது.

இன்றைக்கு மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஆரம்பாக்கத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டு இருக்கிறோம்.

போய்ட்டு வா தம்பி...