சாரம் கிளினிக்கின் மதில்

கட்டிடம் பிரமாதம், நோயாளிதான் இல்லை. எங்கள் ஆபீசில் நான் பார்த்த பெரிய சிக்கல் அதுதான்.

புதுச்சேரியில் ஒரு ஆர்க்கிடெக்ட்டிடம் பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். ஊரே அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வீடுகளைச் சீர்செய்தே பேர் வாங்கியவர். அந்த வீடுகளுக்குத் தெருப் பக்கம் உயர்ந்த மதிலும் மூடிய கதவும்தான்; அழகெல்லாம் உள்ளே முற்றத்தில். எந்த பிளான் என்றாலும் முசியேவின் பென்சில் முதலில் அந்த மதிலைத்தான் போடும்.

புதுச்சேரியிலேயே சாரம் என்ற பகுதியில் கிளினிக் கட்ட ஒரு டாக்டரம்மா வந்தார். அரசு வேலையை விட்டுவிட்டு, சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்களை நம்பி இறங்கியவர். இது ஓடாவிட்டால் திரும்பிப் போக வேலை கிடையாது. முசியே அவருக்கும் மஞ்சள் மதில், தேக்குக் கதவு, முற்றத்தில் பெஞ்சு என்று போட்டுக் கொடுத்தார்.

திறந்த சில வாரத்தில் டாக்டரம்மா ஆபீசுக்கு வந்தார்.

"சார், பஸ்ஸ விட்டு எறங்குறாங்க, மதிலப் பாக்குறாங்க, அப்படியே போயிடுறாங்க. யாரோ பெரிய மனுஷன் வீடுன்னு நெனைக்கிறாங்க."

"போர்டு பெருசா வைம்மா," என்றார் முசியே.

"வெச்சிட்டேன். கதவையும் தொறந்தே போட்டுட்டேன். அப்பவும் கூச்சப்படுறாங்க. மதில எடுத்துடலாமா?"

"மதில எடுத்தா அப்புறம் அந்தக் கட்டடத்துல என்னா இருக்கு? எம் பேரக் கெடுக்காத!"

அந்தம்மா முகம் தொங்கிப்போனது. எனக்குக் கோபம்தான். சம்பளம் வாங்குகிறவன், வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் போர்டை இடம் மாற்றிப் பார்க்க முசியே என்னையும் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போனார். நாங்கள் கதவைத் தாண்டி வெளியே வரும்போது எதிர்ப்புறம் ஒரு பெண், தோளில் காய்ச்சல்காரப் பிள்ளையோடு நின்றிருந்தாள். முசியேவைப் பார்த்ததும் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டாள்.

"ஐயா, ஒங்க வூட்ல டாக்டரு இருக்காங்களாமே. உள்ள வரலாமா?"

"எவ்ளோ நேரமா நிக்கிற?"

"ரொம்ப நேரமா. யாராச்சும் வெளிய வருவாங்கன்னு பாத்தேன்."

முசியே பிள்ளையைத் தாமே வாங்கி உள்ளே கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கொடுத்தார். திரும்பி வந்து, என் சட்டைப்பையிலிருந்த பென்சிலை உருவி, மதிலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு மேல எல்லாத்தையும் இடிச்சிடு."

மதில் தாழ்ந்ததும் ஜனங்கள் கூச்சமில்லாமல் உள்ளே வரத் தொடங்கினார்கள். ஆனால் தாம் கட்டிய கட்டிடங்களின் படங்களை ஒட்டிவைக்கும் ஆல்பத்தில் கடைசிவரை அந்த கிளினிக்கை முசியே சேர்க்கவே இல்லை. மதில் போனதைப் பற்றிய அவர் முணுமுணுப்பும் ஓயவில்லை.

இப்போது பிளான் போடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கதவை வரைவதற்கு முன், அதற்கு வெளியே யார் நிற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முசியே கட்டிய மதில்கள் ஊரில் எத்தனையோ இருக்கின்றன. ஜனங்கள் உட்கார்ந்து பேசுவது அந்தக் குட்டை மதில் ஒன்றில்தான்.