சாவி மட்டும் போதும்

கதை விடுறேன்னு நெனைக்காதீங்க. சந்தேகமா இருந்தா சிறுமலை பஸ் ஏறிப் போயி அந்தக் கதவை நீங்களே பாத்துட்டு வாங்க. கிட்டக்க மட்டும் போயிராதீங்க.

திண்டுக்கல்ல சுகன்யான்னு ஒரு பொண்ணு. ஆன்லைன்ல பூட்டு விக்கிற பொழப்பு. சாவி தொலைச்சவுக பூட்டுல அடிச்சிருக்கிற நம்பரைச் சொன்னா, அதுக்குச் சாவி வெட்டி அனுப்புவா. ஆனா பூட்டைப் போட்டோ எடுத்து அனுப்பணும். இல்லாட்டி ஆர்டர் ரத்துதான். பின்னே? கடை தெறந்த புதுசுல ஒரு களவாணி நம்பரைச் சொல்லிச் சாவி வாங்கி, ஊரான் வீட்டைத் தொடச்சுட்டுப் போயிட்டான். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே இவளுக்குச் செருப்பு தேஞ்சது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கடையைச் சாத்திர வேண்டியதுதான்னு சொல்லிட்டாக. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? பெத்த தாயே சாவி கேட்டாலும் 'போட்டோ எங்க?'ன்னுதான் கேப்பா சுகன்யா.

போன ஐப்பசியில ஒரு மத்தியானம், ஆர்டர் ஒண்ணு வந்துச்சு. பேரு மாயக்காள். ஊரு சிறுமலை. கூடவே ஒரு சேதி.

"சாவி மட்டும் போதும்க்கா. சீக்கிரம்."

போட்டோ கேட்டா. வந்துச்சு. ஒரே இருட்டு. உத்துப் பாத்தா ஒரு மரக்கதவு. பூட்டைக் காணோம்.

"பூட்டு எங்கம்மா?"

"வெளிய தொங்குது. நான் உள்ள இருக்கேன்."

அட களவாணிச் சிறுக்கி! உள்ள இருக்கிறவளுக்கு நம்பர் எப்படித் தெரியும்? கேட்டேபுட்டா.

"அவரு வாங்கியாந்த அன்னைக்கே பாத்து வச்சுக்கிட்டேன். எங்க போனாலும் என்னைய வச்சுப் பூட்டிட்டுத்தான் போவாரு. ஜன்னல்ல கைய விட்டா பூட்டு எட்டும்க்கா."

"பக்கத்து வீட்டைக் கூப்பிட வேண்டியதுதானே?"



"கூப்பிட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும்க்கா. பொறந்த வீட்டு மானம் போயிரும்."

என்னமா புளுகுறா பாருன்னு ஆர்டரை ரத்து பண்ணி, அவ போன் நம்பரையும் பிளாக் பண்ணிட்டா.

மறுநாள் அதே நேரம்... டிங்.

மாயக்காள். பிளாக் பண்ணின அதே நம்பர்லேருந்துதான்.

"காய்ச்சலா இருக்குக்கா."

ரத்து.

மூணாம் நாளு... டிங்.

"தண்ணி தீந்துருச்சு."

சுகன்யாவுக்குச் சோறு எறங்கல. களவாணியா இருந்தா கடை போகும். நெசமா இருந்தா ஒரு உசுரு போகும். போலீஸுக்குச் சொல்லலாம்னா, மறுபடியும் அந்த வாசப்படியா? ஆளை நேர்ல பாத்தே குடுப்போம்னு சாவியை வெட்டி எடுத்துக்கிட்டு, மறுநாள் காலையில பஸ் ஏறிட்டா.

போய்ச் சேரும்போது உச்சிப் பொழுது. வாழைத் தோட்டத்தைத் தாண்டி, ஒரு ஓட்டு வீடு. காக்கா குருவிச் சத்தம்கூட இல்ல.

கதவுல பூட்டு தொங்குச்சு. முழுக்கத் துரு. தேய்ச்சுப் பாத்தா... அதே நம்பர்.

"மாயக்காள்...?"

டொக்.

உள்ளேருந்துதான்.

டொக்... டொக்...

பக்கத்து ஜன்னல்லேருந்து ஒரு கை வந்துச்சு.

பூட்டைத் தடவுச்சு.

அப்புறம் இவ பக்கம் திரும்பி... உள்ளங்கையை விரிச்சுச்சு.

ஐயோ பாவம், நெசந்தான் போலன்னு சுகன்யா சாவியை அதுல வச்சா. விரல் பட்டுச்சு.

காய்ச்சக்காரி கை இம்புட்டுச் சில்லுன்னா இருக்கும்?

கிளிக்.

பூட்டு தெறந்துக்கிச்சு. கதவைத் தள்ளுனா.

யாருமில்ல.

தரை பூரா தூசி. ஒரு காலடித் தடம்கூட இல்ல.

"ஏம்மா! யாரு நீ? அதை எப்படித் தெறந்த?"

தோட்டத்துல களை எடுத்துக்கிட்டிருந்த சிவனம்மாள். அடுத்த வீட்டுக்காரி.

"மாயக்காள்..."

"அது செத்து ரெண்டு வருசம் ஆச்சே! பூட்டிட்டுப் போன புருசங்காரன் திரும்பி வரவே இல்ல. காய்ச்சல்ல, குடிக்கத் தண்ணி இல்லாம உள்ளேயே போயிருச்சு. நாங்க இங்கனதான் இருந்தோம். ஒரு சத்தம் போடலையே பாவி மக. பூட்டு அசையாம, கூரை ஓட்டைப் பிரிச்சுத்தான் தூக்குனோம்."

சுகன்யா வாசப்படியை விட்டு எறங்கிட்டா.

"போன்ல மட்டும் ஏதோ கடையில சாவி கேட்டு எழுதியிருக்கு. மூணு நாளா. அந்தப் பாதகத்தி 'போட்டோ எங்க, பூட்டு எங்க'ன்னே கேட்டுட்டு அனுப்பாம விட்டுட்டாளாம். போலீஸ்காரக படிச்சுச் சொன்னாக."

"எந்த... கடை?"

"சுகன்யா பூட்டுக் கடையோ என்னமோ. திண்டுக்கல் பூரா தேடிப் பாத்துட்டு, அப்படி ஒரு கடையே இல்லைன்னுட்டாக."

அப்ப எப்படி இருக்கும்? சுகன்யா கடையைத் தெறந்ததே போன வருசந்தான்.

"அப்ப நான் மொத நாளே சாவியை அனுப்பியிருந்தா... அவ பொழச்சிருப்பாளா?"

திரும்பி வந்து என்கிட்டத்தான் கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?