வாயைத் திறக்காத வின்சி சிஸ்டர்

வின்சி சிஸ்டரை எனக்குப் பிடிக்காது. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள், விழா மலர் போடுகிறோம், நீங்களும் எழுதித் தர வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து நின்றபோது இதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். பரவாயில்லை, எழுதுங்கள் என்றார்கள். என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து அங்கே காயத்துக்குக் கட்டுகிற துணியெல்லாம் என் தறியில் நெய்தது.

நான் தங்கப்பாண்டியன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். சத்திரப்பட்டியில் அடுத்தவன் தறிக்குப் பாவு நூல் சுமந்தேன். இன்று ராஜபாளையத்தில் சொந்தமாக பேண்டேஜ் துணி மில் வைத்திருக்கிறேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். அப்படிப்பட்டவன் போய் நின்று ஒரு வார்த்தை கேட்டு, அதைச் சொல்ல மாட்டேன் என்று ஒருத்தி நின்றால் எப்படிப் பிடிக்கும்?

அவள் வத்திராயிருப்புக்காரி. அப்பா இருதயம் தென்னை ஏறிப் பிழைத்தவர். தம்பி பெனின் என் மில்லில் வேன் ஓட்டுகிறான், அவன் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். அவளாகச் சொல்லுகிற ஆளா? அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது இருதயத்துக்கு டிபி வந்தது. மாத்திரை சாப்பிட்டார், குணமாகிவிட்டது. ஆனால் மருந்து கொடுத்த இடத்தில் வேலை பார்த்த ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து வாயை விட்டுவிட்டான். அதன் பிறகு எந்தத் தோப்புக்காரனும் அவரை மரம் ஏறக் கூப்பிடவில்லை. அவர் குடித்த கிளாஸைத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்கள். சீக்கு போன பிறகும் சீக்காளியாகவே இருந்து செத்தார். மகள் நர்ஸ் படிப்புக்குப் போனாள்.

வேலைக்காரி, அதை மறுக்க மாட்டேன். எவ்வளவு நாறுகிற புண்ணாக இருந்தாலும் முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் தெருவில் பாருங்கள், தலையைத் திருப்பிக்கொண்டு போவாள். அவள் வார்டில் நோயாளியாகக் கிடந்து எழுந்து போனவன் எதிரே வந்தாலும், அவனாக வணக்கம் வைத்தால்தான் சிரிப்பாள். என் மில் மேஸ்திரி சோலைச்சாமி பெண்டாட்டியோடு தேரோட்டம் பார்க்கப் போய்விட்டு வந்து கொதித்தான்.

"மேலுக்கெல்லாம் தொடச்சு விட்டவ, ஆளே தெரியாத மாதிரி போறா. அம்புட்டுத் திமிரு!"

பெனின் வேனைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "அண்ணாச்சி, அக்கா நின்னு நலம் விசாரிச்சா, இவியள ஒங்களுக்கு எப்படித் தெரியும்னு பக்கத்துல நிக்குற மதினி கேப்பாவல்லா? என்ன சொல்லுவீய?"

சோலைச்சாமி உள்ளே போய்விட்டான். அவன் எதற்குப் படுத்திருந்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் நான்!

இனி என் வீட்டு விஷயம். என் பேத்தி பாண்டிசெல்வி எம்.காம். படித்தவள், மில் கணக்கு அவள் கையில். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க தாத்தா, ஒங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற சௌந்தரபாண்டியன் மகன் பிரேம்குமாருக்கு அவளை நிச்சயம் செய்திருந்தோம். மண்டபம் பேசியாகிவிட்டது. அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை ஆவுடையம்மாள், பாண்டிசெல்வி அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேன் கவரோடு வந்ததைப் பார்த்தேன் என்று பற்றவைத்துவிட்டாள். நம் பிள்ளை துணி சாம்பிள் கொண்டுபோகிறவள், கையில் கவர் இருக்கத்தானே செய்யும்? சௌந்தரபாண்டியன் நேரே வின்சியிடம் போய் விசாரித்திருக்கிறார். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நாங்கள் சொல்வதில்லை என்று அனுப்பிவிட்டாள்.

எனக்கு போன் வந்தது. "ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருக்கும்லா சம்பந்தி? எதையோ மறைக்காவ. நாங்க யோசிக்கணும்."

"யோசிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஒங்க முன்னாலயே கேக்கேன்" என்றேன்.

வார்டு வாசலில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவள் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சிஸ்டர், எம் பேத்தி இங்க வைத்தியத்துக்கு வந்ததே இல்ல. அத ஒரு வார்த்த இவியகிட்டச் சொல்லிரு."

"யாரு வந்தாங்க, யாரு வரலைன்னு நாங்க சொல்றது இல்லங்க ஐயா."

"நான் அவ தாத்தா! நானே கேக்கேன்லா?"

"அவங்க அப்பாவே வந்து கேட்டாலும் இதுதாங்க பதில்."

"ஏட்டி, வராதவள வரலேன்னு சொல்றதுல ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

"ஏட்டின்னு கூப்புடாதீங்க ஐயா, வேலையில நிக்கேன். வராதவங்களுக்கெல்லாம் வரலைன்னு சொன்னேன்னு வைங்க, நாளைக்கு ஒருத்தருக்குச் சொல்லாம இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு ஊரே புரிஞ்சுக்கிடும்லா?"

சௌந்தரபாண்டியன் உதட்டுக்குள்ளே சிரித்தார். "பதிலு கெடச்சிட்டு சம்பந்தி. வாங்க போவோம்."

அந்தச் சிரிப்பு என்னை அடித்தது. படிக்காதவன்தான், ஆனால் சந்தையில் என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவன் கிடையாது.

"செத்த நேரம் இருங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். "சிஸ்டர், இவிய மகன் பிரேம்குமார் இங்க வைத்தியத்துக்கு வந்திருக்கானா?"

அவள் கண் கூட அசையவில்லை. "யாரு வந்தாங்க, யாரு வரலைன்னு நாங்க சொல்றது இல்லங்க."

சௌந்தரபாண்டியன் முகம் செத்துப்போனது. "எம்மா, எம் மகன் எதுக்கு இங்க வரப்போறான்? இல்லேன்னு சொல்லும்மா!"

"சொல்றது இல்லங்க ஐயா."

"ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருக்கும்லா சம்பந்தி?" என்றேன். "எதையோ மறைக்காவ. நாங்களும் யோசிக்கணும்லா!"

அவர் என்னை ஏச, நான் அவரை ஏச, கட்டிலில் கிடந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். "உள்ள ஆளுக படுத்திருக்காங்க. சண்டைய ரோட்டுல போயி போடுங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். என்னை!

விடுவேனா? டாக்டரிடம் போனேன். இவளை இன்றைக்கே வேலையை விட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் என் துணி வராது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணாச்சி, துணி வேற எடத்துல வாங்கிக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். துணியை நான் நிறுத்தவில்லை. அது வியாபாரம்.

வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டாரை மடக்கிவிட்டேன் என்று பேத்தியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த சிஸ்டர் என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலயா?"

"கழுத, வாயே தொறக்கல!"

"அப்பாடா. அந்த ஊர்லயே அவுங்க ஒருத்தவங்கதான் மனுஷி. தாத்தா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். ஒடம்பு எப்படின்னு என்கிட்டக் கேக்கத் தைரியம் இல்லாம ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்குற வீட்டுக்கு நான் போமாட்டேன்."

"அப்படின்னா நீ அங்க..."

"நீங்களும் அங்கதான் போயி நின்னீங்க. என்கிட்டக் கேக்கலையே. இப்பக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அன்று மாலையே நிச்சயத் தட்டு திரும்பிப் போனது. மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் போனது போனதுதான். ஒரு வார்த்தை, வரவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்லியிருந்தால் என் பேத்தி கழுத்தில் தாலி ஏறியிருக்கும். பாண்டிசெல்வி அங்கே போனாளா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டு பேரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. என் வீட்டிலேயே என்னை வெளியாள் ஆக்கிய ஒருத்தியை நான் எதற்குப் பாராட்ட வேண்டும்? ஓய்வு பெறட்டும், நன்றாக இருக்கட்டும். பிடிக்காது என்றால் பிடிக்காதுதான்.

ஒன்று மட்டும். பங்குனியில் கொஞ்ச நாள் என்னை மில்லில் காணோம், ஏதோ சீக்கு என்று எனக்குப் போட்டியாகத் தறி ஓட்டுகிறவர்கள் பேசித் திரிகிறார்கள். அய்யனார் கோவில் பக்கம் என் மாந்தோப்பில் இருந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். நம்பாதவர்கள் வின்சி சிஸ்டரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.