சாமியாகிப் போன சட்டி மரம்

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் நான் கத்த வேண்டிவரும், சட்டிக்குள்ளே அரசமரம் வளர்க்கிற தொழிலில் ஏற்கெனவே நிறையக் கத்தியாச்சு. ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஒரே சாதி. கிள்ளினால் பால் வரும், எங்கே விழுந்தாலும் பிழைக்கும். மரத்தால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. வாங்க வருகிறவர்கள், பார்க்க வருகிறவர்கள், இரண்டும் இல்லாமல் புத்தி சொல்ல மட்டும் வருகிறவர்கள், வந்ததெல்லாம் இவர்களால்தான். வாசலில் நாலு சட்டி வைத்து அக்கம்பக்கத்தில் பேச்சு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். இந்த வருசம் என் மரங்களில் மூத்ததை இழக்க இருந்தேன். அதுவும் பின்னால் வருகிறது.

வேலை கேட்டுப் போனது

தம்பின் ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் முன்பு என் வேலையே இந்த மரங்களைக் கொல்வதுதான். பறவை எச்சத்தில் விழுந்த விதை, எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனையின் மட்டை இடுக்கில் முளைக்கும். விட்டுவைத்தால் பனையையே சுற்றி நெரித்துவிடும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கை காட்டுகிற இடத்தில் ஏணி போட்டு ஏறி, பாராங் கத்தியால் வெட்டி, வேரில் மருந்தைத் தடவிவிட்டு அடுத்த நிரைக்குப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் அதே இடத்தில் தளிர் விட்டிருக்கும். கோபம் வரும். கொஞ்சம் மரியாதையும் வரும்.

முட்டி தேய்ந்து வெளிக்காட்டு வேலையை விட்ட பிறகு, சிரம்பான் போகிற ரோட்டில் பொன்சாய் மரங்கள் விற்ற சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், போய் நின்றேன். முன்னே என்ன வேலை என்றார். உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போதே இங்கே வேலை கிடைக்காது என்று பையைத் தூக்கிக்கொண்டேன். எஸ்டேட் கடைவீதியில் பிறந்து வளர்ந்த மனுசர், தமிழ் தண்ணியாய் வரும், கடைசியில் ஒரு 'லா' மட்டும் ஒட்டிக்கொள்ளும். அவர் சொன்னது: "எங்க வெட்டினா சாகும்னு உனக்குத் தெரியும்தானே? அங்க மட்டும் வெட்டாதே லா. நாளைக்கு வாம்மா."

யார் சுற்றுவது

தவுக்கே கடையை மூடிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனதும், நானும் அஞ்சலையும் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டோம். அஞ்சலை எஸ்டேட்டில் மருந்தடிக்கிற கூட்டத்தில் என்னோடு இருந்தவள். படிப்பு இரண்டு பேருக்கும் ஒரே அளவு. வாய் மட்டும் அவளுக்குக் கூட. 'அரசமரம் வீட்டில் வைத்தால் குடும்பம் விளங்காது' என்று தினம் ஒருவராவது வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் விடுவதில்லை. "என் வீட்டுல வரிசையா நிக்குது. விளங்காமப் போனது என் முட்டி ஒண்ணுதான். அது கம்பெனி ஏணி செஞ்ச வேலை" என்பேன்.

செண்டாயானிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிள்ளை வரம் வேண்டி அரசமரம் சுற்றச் சொன்னாராம் மாமியார். அவர்கள் குடியிருக்கிற தாமானில், வரிசை வீடுகளுக்கு நடுவே, மரம் என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை. ஒரு மரத்தைச் சுழல் பலகையில் ஏற்றி வைத்திருந்தேன். நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துக் கிளை கட்டுவதற்கான பலகை. அவள் அதன் எதிரே நின்றாள், கண்ணை மூடினாள், ஒரு விரலால் பலகையை மெல்லச் சுற்றிவிட்டாள். அது கணக்கில் வராது, நீதான் சுற்றணும் என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நாள் பூரா ஃபேக்டரியில நின்னுட்டு வர்றேன் பெரியம்மா. நான் சுத்துனா என்ன, அது சுத்துனா என்ன?"

மூத்தது

எங்கள் எஸ்டேட்டில் ரப்பர் ஷீட் காயப்போட்ட பழைய புகைவீட்டுச் சுவரில் ஓர் அரசு முளைத்திருந்தது. வீடு கட்ட நிலத்தை விற்றபோது சுவரை இடிக்க மெஷின் வந்தது. நான் உளியோடு குறுக்கே போய் உட்கார்ந்தேன். மெஷின்காரன் ஹாரன் அடித்தான். அடிச்சுக்கோ என்று விட்டுவிட்டு, வேர் கவ்வியிருந்த செங்கலோடு பெயர்த்து எடுத்தேன். அந்தச் செங்கல் இன்னும் வேருக்குள்தான் இருக்கிறது. வருசக்கணக்காகத் தலையைக் குறைத்து அடியைப் பருக்க விட்டேன். கிளைகளுக்கு அலுமினியக் கம்பி சுற்றி வளைத்தேன். அப்படியே கைக்குள் அடங்கின பெரிய மரம்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அந்த மரத்தைப் பிள்ளையார் முன்னால் வைக்கக் கேட்டார் கோயில் தலைவர். லோரி ஓட்டுகிறவர், கோயிலுக்காகத் தூக்கத்தை விடுகிற நல்ல மனுசர். இரண்டு கிளையில் கம்பி இருக்கிறது, திருவிழா முடிந்ததும் கழற்றணும், வந்து எடுத்துக்கொள்வேன் என்று சொல்லித்தான் கொடுத்தேன். திருவிழா முடிந்து எடுக்கப் போனால் என் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, சந்தனம் பூசி, விளக்கு ஏற்றியிருந்தது. பையிலிருந்து கம்பி வெட்டுகிற குறட்டையும் கத்தரியையும் எடுத்தேன். தலைவர் என் கையை மறித்தார். "இது இப்ப சாமிம்மா. சாமி மேல கத்தரி வைக்கிறது, கை ஓங்குன மாதிரி."

கம்பி கடித்தது

அரசு வேகமாய்ப் பருக்கிற மரம். கம்பியை நேரத்தில் எடுக்காவிட்டால் பட்டைக்குள்ளே புதைந்துவிடும். அப்புறம் கிளை செத்துவிடும், மரத்தின் உருவமே போய்விடும். போதாததற்குத் தினமும் வேரில் பால் ஊற்றினார்கள். மண் புளித்து நாற்றம் எடுத்தது. வாரம் தவறாமல் போய்ச் சண்டை போட்டேன். "குழந்தை கையில நூலைக் கட்டிட்டு அவுக்காம விடுவீங்களா?" என்றேன். "நான் பொம்பளைங்கிறதாலயா, படிக்காதவங்கிறதாலயா, எதுக்குத் தடுக்கிறீங்க? சொல்லுங்க" என்றேன். பதிலுக்கு மரத்தைக் கும்பிட்டார்கள், என்னையும் சேர்த்து. கோலம் போடுகிற பெண் மட்டும் என் தோளைத் தொட்டுச் சமாதானம் சொன்னாள்: "வலிச்சா சாமி சொல்லாதா அக்கா?"

அஞ்சலை கேட்ட கேள்வி

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் நின்றிருந்தார்கள். இன்றைக்கு அவர்கள் விட்டாலும் விடாவிட்டாலும் வெட்டுகிறேன் என்று கிளம்பினேன். அஞ்சலை கூடவே வந்தாள். "நீ கோவப்படு அக்கா. நான் பேசிக்கிறேன்" என்றாள்.

நேரே தலைவரிடம் போனாள். "தலைவரே, திருவிழாவுக்குக் கையில காப்புக் கட்டுனீங்களே, எப்ப அவுத்தீங்க?"

"முடிஞ்ச மறுநாளே."

"அவுக்காம விட்டா?"

"விடலாமா? குத்தம். கவிச்சி தொட முடியாது, சாவு வீட்டுக்குப் போக முடியாது."

அஞ்சலை மரத்தின் மஞ்சள் துணியை விலக்கினாள். பட்டைக்குள் பாதி மறைந்த கம்பி விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. "திருவிழாவுக்கு முன்னால அக்கா கட்டுன காப்பு. இன்னும் அவுக்கல. நீங்க கோழிக்கறி தின்னுட்டு வர்றீங்க, இது மட்டும் விரதத்துல நிக்குது."

தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி சங்கடத்தோடு விபூதித் தட்டைப் பார்த்தார். "கட்டுனவங்கதான் அவுக்கணும்" என்றார் கடைசியில்.

கம்பியைச் சுற்றிப் பிரிக்கவில்லை. பிரித்தால் பட்டை கிழியும். துண்டு துண்டாய் வெட்டி எடுத்தேன். கடித்த இடத்தில் பால் கசிந்தது. ரப்பருக்குப் பால்மரம் வெட்டிய கூட்டம் அது, ஆனாலும் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேறு யாருடைய கையும் வருவதற்குள், நீண்டு கிடந்த ஒரு கொப்பை நான் யாரையும் கேட்காமல் கத்தரித்துவிட்டேன். தலைவர் வாயைத் திறந்தார்.

பேச்சு வருவதற்குள் அஞ்சலை பூசாரியின் தாம்பாளத்தை இழுத்து, அந்தக் கொப்பைப் பிடித்துக் குங்குமம் வைத்து, தலைவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "முதல் பிரசாதம் உங்களுக்குத்தான் தலைவரே. நகருங்க, பின்னால ஆள் நிக்குது."

கத்தரி வைக்காதே என்றவர்களிடமிருந்து மரத்தை மீட்டாச்சு. பிரசாதமாக இன்னும் ஒரு கொப்பு வெட்டிக் கொடுங்கள் என்று வருகிறவர்களிடமிருந்துதான் இப்போது காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.