மாமாவின் மிச்சக் குடல்

அக்கா வீட்டுக்காரருக்குச் சிறுகுடல் முறுக்கிக்கொண்டு கருத்துப்போய்விட்டது. வெட்டி எடுத்தது போக மிச்சம் இரண்டு முழம். பூ வாங்கும் அளவு.

இரண்டு முழக் குடல் சாப்பாட்டை முழுசாக உறிஞ்சாது. அதனால் நெஞ்சில் ஒரு குழாய் வைத்து, தினமும் இரவில் அதன் வழியாகச் சத்து ஏற்றினார்கள். குழாய் இருக்கிறவரை தட்டாஞ்சாவடியில் இருக்கும் அவருடைய லேத்துப் பட்டறைக்குள் போகக்கூடாது. இரும்புத் தூள், எண்ணெய், கிருமி. மாமாவுக்குக் குடல் போனதைவிட இதுதான் பெரிய விஷயம்.

சில மாதம் கழித்து டாக்டர் தினமும் போடும் ஓர் ஊசியைப் பற்றிச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன், சும்மா இருக்க முடியுமா?

"மாமா, சாப்பாடு வந்துச்சுன்னா குடலே ஒரு ஹார்மோனை விடும். 'வேலை வந்திருக்கு, வளரு'ன்னு சொல்லும். அதைச் சொல்ற இடத்தையும் சேத்து வெட்டிட்டாங்க. இந்த ஊசி அந்த வேலையைச் செய்யும்."

"ரெண்டு முழம் நாலு முழமாயிடுமா?"

"நீளம் வளராது. உள்ளே குட்டிக் குட்டியா விரல் மாதிரி இருக்கு பாருங்க, அது உசரமாகும்."

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க," என்றார் மாமா டாக்டரிடம். டாக்டர் சிரிக்கவில்லை. முதலில் பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார். வளரச் சொல்லும் மருந்து, அங்கே வேண்டாத கட்டி ஏதாவது இருந்தால் அதையும் வளரச் சொல்லிவிடுமாம். கட்டி இல்லை. ஊசி ஆரம்பித்தது.

எடை ஏறவில்லை. கழிவறைக்குப் போவதுதான் ஏறியது.

"என்ன குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"இளநீர்தான் சார். வேற ஒன்னும் இல்ல."

அதுதான் விஷயம். எங்கள் முத்தியால்பேட்டையில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. இளநீரில் உப்பு குறைவு. குட்டைக் குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கும் உப்பையும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்த நீரை மட்டும் குடிக்கச் சொன்னார் டாக்டர்.

எங்கள் தெருவில் இதைச் சொல்லிப் பயனில்லை. எதிர்வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்; எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்போம். இளநீரைக் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கிறவரை நிற்பார்.

"குடிப்பா. குடலைக் குளிர்ச்சியா வச்சுக்கணும்."

"வேணாம்னு சொன்னா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"சொல்லிப் பாரேன். அப்புறம் நம்ம வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தன் வரமாட்டான்."

ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன். வருகிற இளநீரைச் சீவுவதாகச் சொல்லி உள்ளே கொண்டுபோய், நீரை நானே குடித்துவிட்டு, உப்பு நீரை ஊற்றி ஸ்ட்ரா போட்டுக் கொண்டுவருவேன். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டே உறிஞ்சுவார்.

"பாத்தியா, உடம்புல பிடிக்குது," என்பார் சொல்தா.

பிடித்தது. வாய்வழிச் சாப்பாடும் ஊசியும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தன. எடை ஏறியது. எனக்கும் ஏறியது.

போன வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வாரத்தில் இரண்டு இரவு சத்து ஏற்ற வேண்டாம் என்றார்.

"அப்ப குழாய்?" என்றார் மாமா.

"இருக்கட்டும். மிச்ச ராத்திரியையும் ஒவ்வொன்னா குறைப்போம். எப்பன்னு உங்க குடல்தான் சொல்லணும்."

மாமாவை என் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். இந்திரா காந்தி சிலை அருகே வந்ததும் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"தட்டாஞ்சாவடிக்கு வண்டிய வுடு."

"உள்ள போகக்கூடாது மாமா."

"உள்ள போறேன்னு யார் சொன்னது?"

பட்டறை வாசலுக்கு நேரே, ரோட்டின் எதிர்ப்பக்கமாக நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. உள்ளே லேத்து ஓடிக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"பேரிங் போயிருக்கு. ஒருத்தனுக்கும் காது இல்ல."

வேலையாளைப் போனில் கூப்பிட்டு, அங்கேயே உட்கார்ந்தபடி திட்டினார். இயந்திரம் நின்றது. அவருக்கு முகம் தெளிந்தது.

"போலாம். பசிக்குது," என்றார்.