மூன்றாம் தரம் என்று சொன்ன கார்

அந்தக் காரின் விலையைக் குறைத்துச் சொன்னேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே.

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் பதினாறு ஆண்டுகள் செலக்டராக இருந்தேன். தோலைத் திருப்பி, உட்பக்கத்தைத் தடவிப் பார்த்து, சாக்பீஸால் தரத்தின் எண்ணைப் போடுகிறவன் செலக்டர்; எண் கூடக் கூடத் தரம் மட்டம். வாங்க வந்தவர் எதிரில் அவன் எண் போட்டுவிட்டால் முதலாளி வாய் திறக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் அது.

என் முதலாளி ஒருநாள் திறந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டுத்தோல்களில் நான் போட்டிருந்த ‘மூன்று’களை உள்ளங்கையால் அழித்தார். “இவனுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சு சார்” என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லிச் சிரித்தார். கூட இருந்த கூலியாட்களும் சிரித்தார்கள். அன்றே வேலையை விட்டேன். வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை ஏறி இறங்கியும் யாரும் என்னைச் செலக்டராக வைத்துக்கொள்ளவில்லை. வேதியியல் பட்டம் பெற்ற நான் ஓய்வு பெறும்வரை ஒரு ஷூ கம்பெனி ஸ்டோரில் அட்டைப்பெட்டி அடுக்கினேன்.

போன வருடம் அவரே ஆளனுப்பினார். மகன்கள் ஆலையை விற்றுவிட்டார்கள். ஷெட்டில் நின்ற அவருடைய காரை அந்த வாரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கூரையை மடக்கிப் போடும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், வெளிநாட்டு வண்டி. பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் பார்க்க வருகிறார். அவர் எடுக்காவிட்டால் காயலான் கடைக்கு. பணம் மகன்களுக்குத்தான். கிழவருக்கு வேண்டியதெல்லாம் வண்டியை உடைக்காமல் வாங்கி ஓட்டுகிற ஒரு ஆள். அதன் பூர்வீகம் தெரிந்து டாக்டருக்கு எடுத்துச் சொல்லக்கூடியவன் நான்தான். வாராவாரம் சாம்பிள் தோல்களை மடியில் வைத்துக்கொண்டு அதில் சென்னைக்குப் போய் வந்தவன்.

“வாப்பா. கண்ணு ஆப்ரேஷன் ஆச்சாமே, நல்லா தெரியுதா?” என்றார்.

நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். எனக்கு அன்றைய சிரிப்புதான் காதில் விழுந்தது.

“ஜாஸ்தியாவே தெரியுது பாய்” என்றேன்.

டாக்டர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். கான்வாஸ் கூரையை மடக்கி விரித்தார். ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்களைப் பார்த்து, “முப்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்கா?” என்றார்.

“அஞ்சு இலக்கம்தானே இருக்குது சார், லட்சம் ஆனா திரும்ப சைபர். ரெண்டு சுத்து முடிஞ்சி மூணாவது சுத்துல நிக்குது.”

அது உண்மை. உண்மையைச் சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அடியில் வண்டியைத் தாங்கும் ஏணிச்சட்டத்தில் துரு, கூரைத் துணியில் ஒட்டு, சீட்டில் போட்டிருப்பது இந்த ஆலையின் தோலே தவிர வண்டியோடு வந்தது அல்ல என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன். எல்லாம் உண்மை.

“எஞ்சினை இறக்கி வேலை செஞ்சிருக்காங்களா?”

நான் வேலையை விடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் காட்பாடியில் ஒரு பட்டறையில் அந்த எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். நான்கு நாட்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவன் நான். அதற்குப் பிறகு வண்டி ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்று அந்த எண்களே காட்டின. என் மனக்கணக்கில் அந்த வண்டி எட்டு லட்சத்துக்குக் குறையாது.

“எனக்குத் தெரிஞ்சு இல்ல சார். வெறும் பார்ட்ஸுக்கு ஒரு லட்சம் தரலாம். தோலா இருந்தா மூணாம் நம்பர்தான் போடுவேன்.”

டாக்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். பட்டறைக்குப் பணம் கட்டியவர் அவர். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்: இவர் மறுத்துப் பேசட்டும், அந்த டாக்டர் எதிரில் இந்த மனிதர் கெஞ்சட்டும்.

“அவரு சொல்லிட்டாருன்னா அவ்ளோதான் சார்” என்றார் முதலாளி.

டாக்டர் கும்பிட்டுவிட்டு, வண்டியை எடுக்காமலே கிளம்பினார். அன்று மதியம் வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஐந்து நாள் அந்தப் பசி இருந்தது. ஆறாம் நாள் சோறு இறங்கவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன்.

“பாய், எஞ்சின் விஷயம் பொய் சொல்லிட்டேன். அந்த டாக்டர் நம்பர் குடுங்க, நானே பேசுறேன்.”

“வண்டிய நேத்தே காயலான் கடையில வெட்டிட்டானுங்கப்பா.”

“நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே. உங்களுக்குத் தெரியுமில்ல?”

“செலக்டர் சொன்னப்புறம் எப்படிப்பா பேசறது?” என்றார். “அன்னிக்கு ஒரு தடவ பேசிட்டேன். அந்தத் தோலு மூணாம் நம்பர்தான். தரத்த ஏத்தி அனுப்புன மாலு மொத்தமும் திரும்பி வந்துச்சு. உன்னாண்ட வந்து சொல்ல வாய் வரல” என்றார்.

நான் போட்ட எண் சரியென்று கேட்க இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன். கேட்டபோது, கடைசியாக நான் போட்ட எண் பொய்யாக இருந்தது. அவர் உள்ளே திரும்பி இரண்டு டீ கேட்டார். மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. உட்கார்ந்து குடித்தேன்.